முப்பத்தேழு, இடது

ராணிப்பேட்டை கம்பெனியில் நான் தைப்பது
இடது காலுக்கான அப்பர் மட்டும்.
வலது, அடுத்த மேஜை கௌசர் பானுவுக்கு.
பதினாலு வருஷத்தில்
நான் முடித்த ஜோடி என்று ஒன்றுகூட இல்லை.

எப்சிபா பிறந்த மூன்றாம் நாள்
வலது கை மட்டும் தனியாகத் துடித்தது,
யாரோ அதை மட்டும் கூப்பிட்ட மாதிரி.
படம் எடுத்துப் பார்த்துவிட்டு
பேனா முனையால் டாக்டர் வட்டம் போட்டார்:
மூளையின் இடப்பக்கம், ரத்தம் போகாமல் காய்ந்த இடம்.
"வழக்கமா பேச்சு உட்கார்ற இடம்."
அந்த 'வழக்கமா'வை அன்று நான் கவனிக்கவில்லை.

கவனிக்காததற்குக் காரணம் வீட்டிலேயே இருந்தது.
என் கணவரின் அண்ணன் இஸ்ரவேல், லாரி ஓட்டியவர்,
ஐம்பத்திரண்டு வயசில்
வாலாஜா டோல்கேட்டில் ஸ்டீயரிங் மேல் சாய்ந்தார்.
அதே பக்கம். ஏறக்குறைய அதே வட்டம்.
அதன்பிறகு அவருக்கு மிஞ்சியது "ஆமா ஆமா".
வலிக்குதா? ஆமா ஆமா.
வலிக்கலையா? ஆமா ஆமா.

தொட்டிலையும் பார்த்தேன், கட்டிலையும் பார்த்தேன்.

இரண்டு வயசும் மூணு மாசமும் ஆனபோது
கூழ்க் கிண்ணத்தை இடது கையால் தள்ளி
"வேணா" என்றாள்.
அம்மா இல்லை, அப்பா இல்லை. வேணா.
கிண்ணம் உருண்ட சத்தத்துக்குப் பெரியப்பா
"ஆமா ஆமா" என்றார்.
எங்கள் வீட்டில் நடந்த முதல் வாக்குவாதம்.

பதிமூன்று வயசில் ஆராய்ச்சிக்குக் கூப்பிட்டார்கள்.
குழாய்க்குள் படுக்கவைத்து, காதில் ஹெட்போன்.
ஒரு வாக்கியம். பிறகு அதே வாக்கியம்
கடைசியிலிருந்து முதலுக்கு.
"அக்கா, இது இன்னா பாஷை?" என்று
உள்ளேயிருந்து ஸ்பீக்கரில் வந்தது குரல்.
அவள் சிரித்ததில் ஒரு படம் வீண்.

திரையில்
இடப்பக்கம் அந்த வட்டம், இருட்டு.
வலப்பக்கம், நேர் எதிரே,
நெற்றிக்குள் ஒன்று, காதுக்கு மேலே ஒன்று,
எரிந்துகொண்டிருந்தன.
அதற்கு எனக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை:
ஒரே அச்சு, திருப்பி வெட்டியது.
கௌசர் பானுவின் மேஜை.

சின்ன வயசில் இரண்டு பக்கமும் பேச்சைக் கேட்குமாம்.
வளர வளரத்தான் ஒரு பக்கம் ஒதுங்குமாம்.
"உங்க மச்சாண்டாருக்கு அது ஒதுங்கி
ரொம்ப வருஷம் ஆச்சும்மா."

நான் வேறொன்று கேட்டேன்.
வலப்பக்கம் முன்னமே குடியிருந்தது யார்?
ஒற்றை அறையில் வளர்ந்தவளுக்குத் தெரியும்,
ஒருத்தர் பாய் விரித்தால் இன்னொருத்தர் சுருட்டணும்.
டாக்டர் தயங்கினார்.
"எல்லாருக்கும் இப்படின்னு சொல்ல முடியாது.
இவளுக்குத் திசை, வரைபடம்,
அதெல்லாம் கொஞ்சம் நெருக்கடி."

நிஜம்தான். லாங் பஜாரில்
நுழைந்த வழி அவளுக்கு வெளியேறும்போது இருக்காது.
ஒருமுறை கோட்டை அகழியை
முழுசாகச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்தாள்.

போன சனிக்கிழமை மாத்திரை வாங்கப் போனவள்
இருட்டியும் வரவில்லை.
ஏழேமுக்காலுக்கு வந்தாள், கேட்டுக் கேட்டு:
வெங்காய மண்டியில் உருதுவில் வழி சொன்னார்களாம்,
அதையும் பாதி பிடித்துக்கொண்டாள்,
ஆட்டோக்காரரிடம் ஒரு சண்டை,
பூ விற்கிறவளின் மகன் பெயர் வரைக்கும் தெரிந்திருந்தது.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து
பெரியப்பாவிடம் எல்லாம் ஒப்பித்தாள்.
அவர் கேட்டார். பிறகு இடது கை ஆள்காட்டி விரலால்
போர்வையில் கோடு இழுத்தார்:
மருந்துக்கடை, ஒரு வளைவு, இன்னொன்று, தோட்டப்பாளையம்.
மூன்றே திருப்பம்.
"இது மக்கானா?" "ஆமா ஆமா."
"இங்கதான் நான் தப்புனனா?" "ஆமா ஆமா."
விரல் வீட்டில் நிற்கவில்லை.
போர்வை மடிப்பில் ஏறி, இறங்கி,
காட்பாடி பாலம் தாண்டி, சித்தூர் தாண்டி,
கட்டில் சட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"பெரிப்பா, வேலூர் முடிஞ்சிடுச்சி.
எங்க போய்க்கினு கீற?"