மிளகின் பக்கம்

காலை ஒன்பது, இரவு ஒன்பது.
மாத்திரையை வெண்ணெயில் பொதிந்து கொடுத்தால்
வெண்ணெயை நக்கிவிட்டு
மாத்திரையைத் தரையில் வைப்பாள்,
மீதிச் சில்லறை தரும் கண்டக்டர் போல.
இட்லிக்குள் ஒளித்தால் விழுங்குவாள்.
அதுவும் நேற்றைய இட்லி.

மஞ்சக்குப்பம் மருந்துக்கடையில்
மனிதர்களுக்கான வலிப்பு மாத்திரைதான்.
பேஷண்ட் பெயர்? என்றான் பையன்.
மிளகு.
வயது?
ஆறு.
ரசீதில் 'பேபி மிளகு' என்று இருக்கிறது.
நான் திருத்தவில்லை.

முதல் தடவை, ஐப்பசி மழைக்கு நடுவே,
பாத்திர அடுக்கு சரிந்ததென்று எழுந்து வந்தேன்.
நான்கு கால்களும்
இல்லாத வெள்ளத்தில் நீந்திக்கொண்டிருந்தன.
கண் திறந்திருந்தது.
அதில் நான் இல்லை.

'வாய்கிட்ட கையக் கொண்டுபோகாதீங்க.
தலைக்கு அடியில துணி.
கடிகாரத்தப் பாருங்க.
அஞ்சு நிமிஷம் தாண்டினா ஓடி வாங்க.'
டாக்டர் மங்கையர்க்கரசி சொன்னது இவ்வளவுதான்.
தாண்டாவிட்டால் என்ன செய்வதென்று
நானும் கேட்கவில்லை.

இரவுகள் நீண்டுபோயின.
டீவி விட்டு விட்டு மின்னுவது அவளுக்கு ஆகாதோ என்று பயம்.
போனில் தேடினால்
எல்லோருடைய நாயும் செத்துப்போகிறது.
அப்படித்தான் நாவலுக்கு வந்தேன்.
பகலில் மின்வாரியத்துக்கு ரீடிங்,
வீட்டுக்கு வீடு குரைப்பு.
இரவில் எனக்கு ரீடிங்,
குரைக்காத ஒருத்தியின் பக்கத்தில்.

திருப்பாப்புலியூரில்
அமானுல்லாவின் வாடகை நூலகம், நாளுக்கு மூன்று ரூபாய்.
கனமானதாக ஒன்று கொடுங்கள் என்றேன்.
மேல் தட்டுக்கு ஸ்டூல் போட்டார்.
அந்தக் கனம் இல்லை பாய்,
பக்கம் நிறைய வேண்டும்.
கொலை இருந்தால் நல்லது.
நாய் மட்டும் சாகக் கூடாது.
ஸ்டூலில் நின்றபடியே
என்னைச் சற்று நேரம் பார்த்தார்.
மறுவாரத்திலிருந்து
முதல் பக்கத்தின் மூலையில் பென்சிலில்,
எறும்பு எழுத்தில்:
'நாய் இல்லை.'
'நாய் உண்டு. பிழைக்கும்.'
ஒன்றில் மட்டும்:
'140 முதல் 152 வரை தள்ளவும். கதை புரியும்.'

'இந்த நிலைமையில கதை படிக்க
எப்படித்தான் மனசு வருதோ'
என்றாள் தம்பி மனைவி ஜெயசெல்வி.
கதைக்குள் யாருக்கு என்ன வந்தாலும்
நான் ஓட வேண்டியதில்லை, அதனால்தான்
என்று சொல்லியிருக்கலாம்.
காபி ஆறுது என்றேன்.

நேற்று தெற்குக் காற்று.
ஜன்னலில் சிப்காட் நாற்றம்,
கெடிலத்துக் கொசு.
பங்களாவில் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து
இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமியபோது
மிளகின் நகங்கள் தரையில் தாளம் போட்டன.
புத்தகம் குப்புற விழுந்தது.
துணி. கடிகாரம்.
இரண்டு நிமிடம் நாற்பது வினாடி.
அதில் ஒரு வினாடி, ஒரே ஒரு வினாடி,
சமையல்காரம்மாவாக இருக்குமோ
என்று நினைத்தேன்.
இதை ஜெயசெல்வியிடம் சொல்ல முடியாது.

பிறகு அவள் சுவரோரமாகச் சுற்றினாள்,
புதிதாக வாடகைக்கு வந்தவள் வீட்டைப் பார்ப்பதுபோல்.
பீரோவில் முட்டினாள்.
ஒரு குண்டான் தண்ணீர் குடித்தாள்.
என்னைப் பார்த்து உறுமினாள்.
நான் யாரோவாக நின்றேன்.
கையில் எப்போது எடுத்தேனோ, புத்தகம்;
பக்கத்தில் விரல்.

மூன்றே காலுக்கு
என் கணுக்காலை முகர்ந்தாள்.
இன்னொரு முறை முகர்ந்தாள்.
அப்புறம் வால்.
மடியில் விரிந்திருந்த முந்நூற்றுப் பதினேழின் மேல்
தாடையை வைத்துக்கொண்டாள்.
எச்சில் நாலு வரியை ஊறவைத்தது.
அடுத்து எடுப்பவர் மழை என்று நினைத்துக்கொள்ளட்டும்.

தாடையை நகர்த்த மனமில்லாமல்
தெரிந்த வரிகளை மட்டும் உரக்கப் படித்தேன்.
சமையல்காரம்மா இல்லை, மிளகு.
தாடைக்குக் கீழே இருக்கிறான் கொலைகாரன்.
நீ எழுந்தால்தான் தெரியும்.

குறட்டை.