மஞ்சள் தட்டிய இட்லி

செவ்வாய் மத்தியானம், கடை பாதி சாத்தியிருந்தபோது வந்தாள்
மேல்மாடி யெசேனியா.
இரண்டு பக்கெட். மூடியைத் திறந்தால்
கோழித்தீவனக் கடை மக்காச்சோளம்
சுண்ணாம்புத் தண்ணீரில் வெந்து
தோல் நழுவிக் கிடக்கிறது.

சுண்ணாம்பு எங்கே வாங்கினாய் என்றேன்.
பீடாக் கடையைக் காட்டினாள்.
வெற்றிலைக்கு நகநுனியில் எடுப்பதை
இவள் கரண்டியால் அள்ளியிருக்கிறாள்.
வாய் வெந்துபோகாதா?
ஏழு தடவை கழுவினேன் என்று விரல் காட்டினாள்.

அல்சூரில் பதினெட்டு வருஷம்
இந்தக் கல் பார்த்தது அரிசி, உளுந்து.
ஆனால் இவள் மகன் தாவித்
தினமும் காலையில் தூக்குவாளியோடு நின்று
"அக்கா, ஒரு கிலோ, தண்ணி கம்மி" என்று
என் தமிழிலேயே என்னை மிரட்டுபவன்.
போட்டேன்.
கல் முதலில் முனகியது.
அப்புறம் ஒரு வாசனை,
நனைந்த சுவரும் சுட்ட கதிரும் சேர்ந்தாற்போல.
அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.
பில்லில் என்ன எழுதுவது என்று நான் யோசித்தேன்.

போன வாரம் தள்ளுவண்டிக்காரன்
சிக்கு, சிக்கு என்று கூவ
நான் சப்போட்டா என்ன விலை என்று கேட்க
நடுவில் நின்று சிரித்தாள்.
அவள் ஊரில் அதற்கு ஒரே பெயராம்:
சிக்கோசப்போத்தே.
முன்பாதியை அவனும் பின்பாதியை நானும்
பிடித்துக்கொண்டு
இத்தனை வருஷம் ஒருவரையொருவர் திருத்தியிருக்கிறோம்.

மிளகாய் விஷயம் வேறு.
அதுவும் எங்கள் ஊர்க் கப்பலில் வந்ததுதான் என்றாள்.
வரட்டும், எங்கள் மிளகின் பெயரைப் போட்டுக்கொள்ளட்டும்,
ஊறுகாய் யாருடையது?
இரண்டு நாள் அவளோடு நான் சரியாகப் பேசவில்லை.

ஊரில் உள்ள ஷாமியானா எல்லாம்
பிள்ளையார் எடுத்துக்கொண்டிருந்தார்.
திங்கள் ராத்திரி ஏரிக்கு அவரை அனுப்பிவிட்டு வந்து
"பந்தல் இருக்கட்டும், நாளைக்கு நீங்க வெச்சுக்கோங்க"
என்றான் நாகபூஷண்.
சீரியல் பல்பில்
பச்சை, வெள்ளை, சிவப்பை மட்டும் விட்டு
மீதியை அவனே கழற்றினான்.
மேடையில் அறுகம்புல் இன்னும் ஒட்டியிருந்தது.

பதினேழு பேர், ஆறு நாடு, ஒரே பாஷை.
பயறு வேகவைக்கும் முறையில் மட்டும்
ஆறு சண்டை.
லிமாக்காரர் எலுமிச்சை போதாது என்றார்,
செமினரியில் படிக்கும் குவாத்தமாலாப் பையன்
இலை மடிப்பு தப்பு என்றான்.
சோளமாவை வாழையிலையில் தடவி
உள்ளே பச்சை மசாலாக் கோழி வைத்து
என் இட்லிக் குண்டானில் அடுக்கினார்கள்.
பிள்ளையார் இருந்திருந்தால்
இந்தக் கொழுக்கட்டைக்கு என்ன சொல்லியிருப்பார் என்றேன்.
யாரும் அதை மொழிபெயர்க்கவில்லை.

பத்து மணிக்கு பைக்கில் வந்த ஏட்டு
மைக்கை நிறுத்தச் சொன்னார்.
(இரண்டு இலைப்பொட்டலம் வாங்கிக்கொண்டார்.
அப்படியும் நிறுத்தத்தான் சொன்னார்.)
பதினொன்றுக்குத்தான் அவர்கள் கூவ வேண்டுமாம்,
முன்னொரு காலத்தில் அங்கே
மணியடித்து எல்லோரையும் எழுப்பிய ராத்திரி அது.
என்ன செய்வது?
வட்டமாக நின்று
தொண்டை நரம்பு புடைக்க
ரகசியமாகக் கூவினார்கள்:
வீவா.
தெருநாய்கூடத் தலை தூக்கவில்லை.
யெசேனியாவின் கன்னம் நனைந்திருந்தது,
வெங்காயம் எப்போதோ நறுக்கி முடிந்திருந்தது.
மூன்றாவது வீவாவில்
யாருக்கு வாழ்க என்று தெரியாமலே
நானும் வாயசைத்தேன்.

புதன்கிழமை. கல்லை மூன்று தடவை கழுவியும்
முதல் ஈடு மாவில் மஞ்சள் தட்டியது.
இட்லியைக் கிண்ணத்தில் கொண்டுவந்தே காட்டினாள் கௌரம்மா.
இது என்ன நிறம்?
பிள்ளையாருக்கு மஞ்சள் அரைத்த கை என்றேன்.
பொய்.
பக்தியோடு தலையாட்டிப் போனாள்.

வியாழன் காலை திரும்பி வந்து கேட்கிறாள்,
நேற்று கொடுத்த அதே மாவு இருக்கா?