விழுங்கிய ‘ட்’

டுலூத்தில் பிப்ரவரி. ஏரி உறைந்துவிட்டது,
தாது ஏற்றும் கப்பல்கள் வேலையில்லாமல் நிற்கின்றன.
காதில் ஹெட்போன், காலடியில் பெடல்,
பிறர் கொடுத்த வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்கிறேன்,
பக்கத்துக்கு இரண்டே முக்கால் டாலர்.

இன்றைக்கு டேல் கிவெலா.
பனி வாரும் வண்டி ஓட்டுகிறவன்,
பாலத்து மோதலுக்கு அவன் ஒருவன்தான் சாட்சி.
விளக்கு சிவப்பா என்று வக்கீல் கேட்கிறார்.
டேல் தொண்டையைச் செருமுகிறான்.
‘ஐ கேன்’ என்கிறான், இல்லை ‘ஐ கேன்ட்’.
பிறகு, ‘ஸே இட் வாஸ் ரெட்.’

சிவப்பு என்று சொல்ல முடியும்.
சிவப்பு என்று சொல்ல முடியாது.
அவன் நாக்கு அண்ணத்தைத் தொட்டதா,
தொடப் போய்த் திரும்பியதா, அவ்வளவுதான் வித்தியாசம்.
வேறு ஆளாக இருந்தால் அழுத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவேன்.
டேல் எல்லாச் சொல்லையும்
ஒரே கனத்தில் இறக்கி வைக்கிறவன்,
மளிகைப் பையிலிருந்து டப்பாக்களை எடுத்து அடுக்குவதுபோல.

பெடலை மிதிக்கிறேன். பின்னே போகிறேன். பதினோரு முறை.

மற்றதெல்லாம் எனக்குப் பழக்கம்.
அவன் ‘யா, நோ’ என்றால்
கேள்வி காதில் விழுந்ததற்கு யா, பதிலுக்கு நோ.
‘நோ, யா’ என்றால் ஆமாம்.
ம்ம் என்கிறான், ம்ஹூம் என்கிறான்,
வாயைத் திறந்து சொல்லுங்கள் ஐயா என்கிறார் வக்கீல்.
மற்ற டிரைவர் குடித்திருந்தான் என்று
நான் நினைக்கவில்லை என்கிறான்.
நினைக்கத்தான் செய்கிறான்; குடிக்கவில்லை என்று நினைக்கிறான்.
‘இல்லை’ ஒரு இருக்கை முன்னால் தள்ளி
உட்கார்ந்துகொண்டிருக்கிறது, மரியாதைக்காக.

இந்த மொழியில் ஒன்றை மறுக்க
‘டூ’ என்ற கூலியாளை வரவழைக்க வேண்டும்.
பார்த்தேன் என்பதற்கு அவன் தேவையில்லை.
பார்க்கவில்லை என்றதும் எங்கிருந்தோ வந்து
இறந்தகாலத்தைத் தோளில் தூக்கிக்கொள்கிறான்,
முதுகில் ஒட்டுண்ணிபோல அந்த ‘ன்ட்’.
இருபத்திரண்டு வருஷமாக
அந்த ஒட்டுண்ணிகளை எண்ணித்தான் சாப்பிடுகிறேன்.

சந்தோஷத்தையும் இங்கே மறுத்துத்தான் சொல்வோம்.
மகள் பிறந்த அன்று லைலின் அப்பா
துணிச்சுருளுக்குள் எட்டிப் பார்த்து
‘நாட் டூ பேட்’ என்றார்.
மூக்கைத் துடைக்க வராந்தாவுக்குப் போனார்.

லைல்.
போன அக்டோபரில், பாத்திரம் துடைத்துக்கொண்டே,
ஃபார்கோ வேலையை நான் எடுத்துக்கொண்டால்
உனக்கு ஒன்றும் ஆட்சேபணை இல்லையே என்று கேட்டான்.
‘நோ’ என்றேன்.
போகாதே என்பதற்கான நோ அது.
அவன் கேள்வியில் ஏற்கெனவே ஒரு ‘இல்லை’ காத்திருந்தது,
என்னுடையது போய் அதன்மேல் பொருந்திக்கொண்டது.
சரி என்று டவலை மடித்தான்.
திருத்தியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும்.
அடுப்பில் ஏதோ பொங்கி வழிந்தது, அணைக்கப் போனேன்.

டேலுக்கு விதி இருக்கிறது:
சந்தேகம் வந்தால் ஊகிக்கக் கூடாது.
‘தெளிவில்லை’ என்று போட்டு நேரத்தைக் குறித்தேன்,
நாற்பத்தொன்றாம் நிமிஷம், பதினேழாவது விநாடி.
வக்கீல்கள் அடித்துக்கொள்ளட்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஃபார்கோவிலிருந்து போன்.
வானிலை, காரின் பேட்டரி, மகளின் பரீட்சை.
நீ எப்படி இருக்கிறாய் என்றான்.
எல்லாரும் சொல்வதைத்தான் சொன்னேன்:
‘கேன்ட் கம்ப்ளெய்ன்.’
குறை சொல்வதற்கில்லை.
சொல்லி முடித்த பிறகுதான்
என் வாயை நானே கவனித்தேன்.
நாக்கு மேலே போனதா தெரியவில்லை.

‘குட்’ என்றான் லைல்.