செல்லுமிடம்

நாற்பது மரப்பேய்கள் வரைந்து கொடுத்தேன்,
யாரோ விளையாடப்போகும் விளையாட்டுக்கு.
தாலின் நகரத்து முதலாளி
கூலியைப் பிட்காயினில் அனுப்பினார்:
சைபர் புள்ளி சைபர் சைபர் நாற்பத்திரண்டு.
புள்ளிக்கு இந்தப்பக்கம் ஒன்று, அந்தப்பக்கம் இரண்டு.
அத்தனை சைபரை நான் சம்பளத்தில் பார்த்ததில்லை,
அதுவும் முன்னால்.

பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள் அதற்குச் சாவி.
ஆமை, குளிர்காலம், மாமா, ஏணி…
மிச்சம் எட்டையும் சொன்னால் பணம் உங்களுடையது.
கேஸ் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதி
அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.
(இல்லை, அங்கே இல்லை.)

விற்றுத் தொலை என்றான் நவ்சாத்.
விற்றாலும் லாபத்தில் முப்பது விழுக்காடு,
செலவழித்தாலும் அதேதான் என்றார்
ஆடிட்டர் கோவர்த்தனம், கண்ணாடியைக் கழற்றாமலே.
எனக்கோ ஒரே பிடிவாதம்:
கொடுத்து ஒரு பொருள் வாங்கும்வரை
எந்தக் காசும் காசில்லை.

முதலில் கேட்டது மாதேசுவிடம்.
கன்னங்குறிச்சி முக்கில் தட்டுவடை செட்.
பீட்ரூட் துருவலுக்கு மேலே
அவன் பெட்டி ஓயாமல் பேசும்,
‘முப்பது ரூபாய் பெறப்பட்டது.’
என் காசைப் பற்றி விளக்கினேன்.
கார சட்னி தடவிக்கொண்டே கேட்டான்,
‘அது வந்தா பொட்டி கத்துமா?’
கத்தாது.
‘அப்ப வரலைன்னு அர்த்தம்.’

பிறகு ராத்திரிகள்.
கம்பளிக் காலுறை விற்கிறார்கள் ஐஸ்லாந்தில்,
சேலத்தில் சித்திரை.
காயின் படம் போட்ட பனியன்,
காயின் படம் போட்ட கோப்பை,
பன்னிரண்டு சொற்களைப் பொறித்துவைக்க
தீயில் உருகாத எஃகுத் தகடு
(இரும்பாலை ஊர்க்காரிக்கு!).
அந்தக் காசைக் கொடுத்தால்
பெரும்பாலும் அந்தக் காசைப் பற்றியே ஏதாவது கிடைக்கிறது.
ஒரு தேன்கடை பிடித்திருந்தது.
முகவரி கேட்டார்கள்.
நாடுகளின் பட்டியலில் விரலை இறக்கினேன்:
ஹங்கேரி, ஐஸ்லாந்து,
அடுத்தது இந்தோனேசியா.

மூன்றாம் வாரம், போர்ச்சுகலில் ஒரு காப்பிக்கடை.
எல்லா நாட்டுக்கும் அனுப்புவோம், எல்லாக் காயினும் செல்லும்.
நாலாவது வரிசையில்
சேர்வராயன் மலை, மரநிழலில் விளைந்தது, கால் கிலோ.
படத்தில் மூடுபனி, சில்வர் ஓக்,
ஓரமாக ஒரு சாலை வளைவு.
அந்த வளைவு எனக்குத் தெரியும்.
பதின்மூன்றாவது கொண்டை ஊசி.
போன ஆடியில் என் ஸ்கூட்டர் பஞ்சரான இடம்.

மாடிக்குப் போனேன்.
மூக்கனேரிக்கு அந்தப்புறம்
மலையே இல்லாததுபோல் இருட்டு,
அதில் ஒற்றை லாரி
விளக்கைத் திருப்பித் திருப்பி இறங்கிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து ‘வாங்கு’ என்பதை அழுத்தினேன்.
பதினைந்து நிமிடம்தான் இந்த விலை என்று
கடிகாரம் பின்னோக்கி ஓடியது.
பதினொன்றில் கரண்ட் போனது.
போனில் நெட்டைத் திறந்து, மெழுகுவர்த்தியைக் கவிழ்த்து,
நாற்பது நொடி மிச்சமிருக்கையில் அனுப்பினேன்.
சங்கிலியில் மூன்று முறை உறுதியாக வேண்டுமாம்.
குக்கர் விசிலுக்குக்கூட
நான் இப்படி உட்கார்ந்ததில்லை.

இருபத்தாறு நாள் கழித்துத் தபால்காரர்.
சுங்கம் கட்டச் சொன்னார், ரூபாயில்.
உறைமேல் ஒட்டிய தாளில்
விளைந்த நாடு: இந்தியா.
கையெழுத்துப் போட்டேன்.

நல்ல காப்பிதான். குறை சொல்ல ஒன்றுமில்லை,
கொஞ்சம் புளிப்பு.

பிளாஸ்கில் ஊற்றி மாதேசுவிடம் கொண்டுபோனேன்.
ஊதி ஊதிக் குடித்தான்.
டம்ளரின் அடியைப் பார்த்தான்,
பெட்டியைப் பார்த்தான். அது சும்மா இருந்தது.
‘சரி,’ என்றான்,
‘வந்துருச்சு.’