பின்பக்க ஏணி

சித்திரை வெயிலில் மூன்று பையன்கள்
அகழி தாண்டிக் கோட்டைக்குள் வந்து
சர்ச்சைச் சுற்றிச் சுற்றித் தேடினார்கள்.
பந்து விழுந்திருக்கும் என்று
நான் பாட்டுக்குப் பெருக்கிக்கொண்டிருந்தேன்.
"அக்கா, பின்னாடி ஒரு ஏணி இருக்குமே,
இன்னா ஆச்சு?"

பதினோரு வருஷமாகச் சாவி என்னிடம்.
பின்னாடி இருப்பது ஒரு வேம்பு, ஒரு குழாய்,
வெள்ளையடித்தவன் விட்டுப்போன
அரை டப்பா சுண்ணாம்பு.
ஏணி கிடையாது.

"கேம்ல கீதுக்கா."
குடியாத்தத்துப் பையன், பெயர் இம்தியாஸ்,
செல்லைத் திருப்பிக் காட்டினான்.

எங்கள் சர்ச்தான்.
இடப்பக்கம் மூன்றாவது ஜன்னலில்
உடைந்த பலகை உட்பட.
யாரோ வந்து
எனக்குத் தெரியாமல்
உற்றுப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.
வானம் மட்டும் எப்போதும்
சாயங்காலம் ஐந்தரை.
படியில் ஏழு வேப்பிலைகள்.
காற்றடித்தது, அவை நகரவில்லை.
"அங்க யார்ப்பா பெருக்குறது?" என்றேன்.
சிரித்தார்கள்.

ஏணியில் ஏறிக் கூரைக்குப் போனால்
கோட்டை வாசல்வரை குறி வைக்கலாமாம்.
கதவடியில் நிற்பவன் தொலைந்தான்.
"இந்தக் கதவாண்ட மட்டும்
நாப்பத்து மூணு தபா செத்துக்கீறேன்"
பரீட்சை மார்க்கைச் சொல்கிற குரலில்
சொன்னான் இம்தியாஸ்.

இந்தக் கோட்டையில்
நிஜமாகவே சுடப்பட்டவர்கள் உண்டு.
சர்ச் கட்டுவதற்கும் முன்னால்.
ஆளுக்கு ஒரு தபாதான்.
அதை நான் அவனிடம் சொல்லவில்லை,
வெயில் அப்படி.

"கதவு தொறக்குமாக்கா?"
கேமில் திறக்காதாம்.
வெளிப்புறம் மட்டும் வரைந்துவிட்டு
உள்ளே ஒன்றும் வைக்காமல் விட்டார்களாம்.

கோடையில் இந்தப் பூட்டு முரண்டு பிடிக்கும்.
முழங்காலால் கதவை அழுத்தி
ஒரு நூல் தூக்கித் திருப்ப வேண்டும்.
மற்ற இருவரும் அகழிப் பக்கம் போய்
போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.
இம்தியாஸ் செருப்பைக் கழற்றினான்.
வாசலைத் தாண்டுமுன்
குனிந்து, இடமும் வலமும்
கூரையை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

யாரும் சுடவில்லை.

உள்ளே பெஞ்சுகள்.
பலகையில் போன ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு எண்கள்,
214, 67, 9.
வாரம் முழுக்க மூடிக் கிடந்த வாசனை.
மூன்றையும் மனப்பாடம் செய்கிறவன்போல
உதடசைத்துப் படித்தான்.
பிறகு, யாருமில்லாத இடத்தில்
எதற்கு அவ்வளவு மெதுவாகவோ,
"இவ்ளோ எடம் கீதா உள்ள" என்றான்.

காட்பாடி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள்.
செருப்பை மறந்து
பாதி வழியில் திரும்பி வந்தான் அவன் மட்டும்.

பூட்டும்போது
நானும் கூரையை நிமிர்ந்து பார்த்தேன்.
ஒரு காக்கை.
எந்த ஏணியில் ஏறியதோ.