மூன்று வரிக் கல்

படிவத்தில் பதினேழு கேள்விகள்.
கூரை ஓலையென்றால் நாலு புள்ளி,
தகரமென்றால் இரண்டு.
மண் தரைக்கு மூன்று.
மலசலகூடம் இல்லாவிட்டால் நாலு.
சுவர் இல்லாவிட்டால் முழுசாய் ஐந்து.
இல்லாததையெல்லாம் கூட்டி
ஐம்பது வந்தால் வீடு.
இம்முறை ஒன்பது வீடு,
நூற்றுப் பத்து விண்ணப்பம்.

குருமண்வெளித் துறையில் பாதை ஏறி
மோட்டார் சைக்கிளைச் சரியாமல் பிடித்தபடி நின்று
மண்டூர்க் கரையில் இறங்கி
பிறகும் பதினொரு கிலோமீற்றர்.
பங்குனி வெயில். வெட்டின வயல்.
தில்லைநாயகியின் நாய் குரைக்கவில்லை,
கோப்போடு வருகிறவர்களை
அதற்கும் பழகிவிட்டிருந்தது.

காணிக்கு உத்தரவுப்பத்திரம் உண்டு.
குடும்ப அட்டையில் ஒரே பெயர்.
கிடுகு, கிழிந்த தறப்பாள்,
கிழக்குப் பக்கம் மட்டும்
மூன்று வரி சீமெந்துக் கல்.

"இதென்ன?"
"சுவர்" என்றா.
இரண்டு போகம் கதிர் பொறுக்கின காசு.
நான் படமெடுக்கக் கமராவைத் தூக்க
"கொஞ்சம் பொறு" என்று போய்த் தலை வாரி வந்து
கல்லின் மேல் கை வைத்து நின்றா.

நான் எழுதினேன்: சுவர் உண்டு, பகுதி.
ஐந்து போய் நாற்பத்தேழு.
மூன்று குறைவு,
வரிக்கு ஒன்றாய்.

"தட்டி விழுத்தட்டா புள்ள?"
"படம் எடுத்தாச்சு அம்மா."

பொலித்தீன் பைக்குள்ளிருந்து
இன்னொரு புத்தகம் எடுத்தா.
சாமித்தம்பி. விவசாயி ஓய்வூதியம்.
பதினெட்டுத் தவணையும் கட்டினது, எல்லாத்துக்கும் சீல்.
அறுபது முடிய நாற்பத்தொரு நாள் கிடக்க
வாய்க்கால் வரம்பில் விழுந்தவர்
எழும்பவில்லை.
"அவருக்கு நாள் குறைஞ்சிற்று,
எனக்குப் புள்ளி குறையுது.
உனக்கு எப்படிகா, பென்சன் இருக்குதானே?"
என் நியமனக் கடிதத்தின் ஆறாம் பந்தி
பின்னர் அறிவிக்கப்படும் என்று முடிகிறது.
ஓம் என்றேன்.

மறுகா, ஆவணியில் ஆனை வந்தது.
தனியன்.
கல்லுக்குப் பின்னால் கிடந்த ஒரு மூடை நெல்லுக்காக.
காவல் பரணில் படுத்ததால் அவ தப்பினா.

விடிந்ததும் முதல் பஸ்ஸில்
வெல்லாவெளிக் கந்தோருக்கு வந்து
சொப்பிங் பையை என் மேசையில் கவிழ்த்தா.
உடைந்த கல், பாதி.
உமி இரண்டு ஒட்டியிருந்தது.
சடங்குக்கு வந்தவ போல முகம்.
"இந்தா, இப்ப சுவர் இல்ல.
அஞ்சையும் போடு."

பட்டியல் ஆனியிலேயே மூடியாச்சு.
ஆனை உடைத்தால் வேறு கந்தோர், வேறு படிவம்.
அதையும் நானே நிரப்பிக் கொடுத்தேன்.
சேதமடைந்த பகுதி: சுவர்.
ஆறு கிழமையில் பதில் வந்தது.
மூன்று வரிக் கல்லைச்
சுவராகக் கருத முடியாது.

வாசித்துக் காட்டினேன்.
திரும்ப ஒருக்கா வாசிக்கச் சொன்னா.
"அப்ப, உங்கட கந்தோருக்கு அது சுவர்.
அவங்கட கந்தோருக்கு அது கல்லு.
ஆனைக்கு மட்டும்தான் ஒழுங்காத் தெரிஞ்சிருக்கு."
பக்கத்து மேசைகள் சிரித்தன. நானும்.
அவ சிரிக்கவில்லை.
பாதிக் கல்லைப் பைக்குள் திரும்பப் போட்டு
பஸ்ஸுக்கு நேரம் கேட்டா.

ஐப்பசி முடியுமுன் மாரி இறங்கிற்று.
வேறொரு பெயரைத் தேடிப் போகையில்
அந்த வளவு தெரிந்தது.
உடையாத கற்களைப் பொறுக்கித்
திரும்ப அடுக்கியிருந்தா.
நீளம் குறைவு, உயரம் நாலு வரி,
சீமெந்து இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்று,
அளக்க ஆள் வந்தால்
கழற்றி வேலியோரம் வைக்கிற மாதிரி.
அதன் மறைவில் அடுப்பு புகைந்தது.

நான் மோட்டார் சைக்கிளை நிறுத்தவில்லை.
நிறுத்தினால்
பார்த்ததாகிவிடும்.