பதினெட்டு மிஷின்

தட்டோன் போகும் சாலையில்
ரப்பர் ஷீட் காயப்போடும் கொட்டகை.
புளித்த பால் வாடையில்
மூன்று மாதம் தையல் படித்தோம்,
பதினெட்டுப் பேர்.
கடைசி நாள் ஆளுக்கொரு மிஷின்,
ஆளுக்கொரு சர்ட்டிபிகேட்.
அதில் நான் மா கின் டே.
கோயில் வரிநோட்டில் செங்கமலம்.
இரண்டு பேருக்கும் சேர்த்து
ஒரே மிஷின்தான் தந்தார்கள்.

ஊரில் நூற்றுப்பத்து வீடு.
பதினெட்டுத் தையல்காரி.
இந்தக் கணக்கை யாரும் போடவில்லை.

முதல் மாதம் எங்களுக்கு நாங்களே தைத்துக்கொண்டோம்.
அடுத்த மாதம் ஜாக்கெட் கூலி
மூவாயிரத்திலிருந்து இறங்கி இறங்கி
எண்ணூறு கியாட்டில் வந்து உட்கார்ந்தது.
ஐநூறுக்குத் தைத்தாள் என்று
ராக்கம்மாவோடு மா டின் ஹ்லா பேசுவதில்லை.
வாசோ மழை பிடித்தபோது
பாதி மிஷின்களின் மேல்
சோற்றுப்பானை ஏறியிருந்தது.

மஹாச்சாய்க்கு இறால் உரிக்கப் போன என் வீட்டுக்காரர்
முதலில் பணம் அனுப்பினார்.
பிறகு போனில் குரல் அனுப்பினார்.
பிறகு
மழைதான்.

மழையில் இரும்பு சும்மா இருக்காது.
ஊசி முறிந்தது, நூல் அறுந்தது,
சக்கரம் இறுகியது.
மோல்மேனிலிருந்து கோ சோ நைங் வந்தால்
பதினைந்தாயிரம், பஸ் காசு தனி.
வகுப்பு நடந்தபோது அவர் ஒருமுறை வந்தார்.
மற்றவர்கள் டீ குடிக்கப் போனார்கள்.
நான் டார்ச் பிடித்தேன்.
அவர் ஒன்றும் சொல்லித்தரவில்லை;
இங்கே காட்டு, அங்கே காட்டு என்றார்,
அவ்வளவுதான்.
எங்கெங்கே வெளிச்சம் வேண்டும் என்று
எனக்குத் தெரிந்துபோனது.

பிள்ளைகள் தூங்கியபின்
என் மிஷினைக் கழற்றினேன்.
பால்டின் மூடியில் திருகுகள்.
பூட்டி முடித்ததும் ஒன்று மிஞ்சியது.
மறுபடி கழற்றினேன்.
மறுநாள் இரண்டு மிஞ்சின.
எத்தனையாவது ராத்திரி என்று நினைவில்லை,
மூடி காலியாக இருந்தது.
அதைக் கவிழ்த்துப் பார்த்தேன்,
நம்பாமல்.

ராக்கம்மாவுக்கு இனாமாய்ச் செய்தேன்.
டின் ஹ்லா ஒரு கூடை மங்குஸ்தான் தந்தாள்.
அடுத்த ஊர் நோ ப்வேதான் முதலில் காசு தந்தவள்,
எண்ணி, இரண்டு கையாலும்.

ஊசி அடிமட்டம் வரை போய்
ஒரு நெல் அளவு மேலே வரும்போது
நூல் சற்றே தளர்ந்து வளையும்.
அந்த வளையத்துக்குள் கொக்கி புக வேண்டும்.
முந்தினாலும் தையல் இல்லை
பிந்தினாலும் இல்லை.
இதைச் சொன்னால்
வாழ்க்கையும் அப்படித்தான் என்கிறார் பூசாரி.
எனக்குத் தெரியாது.
மிஷின் அப்படித்தான்.

இப்போது சைக்கிள் கேரியரில்
எண்ணெய்க் குப்பி, திருப்புளி, தோல் பெல்ட்.
மோன் ஊர், கரேன் ஊர்,
ஆற்றுக்கு அந்தப்பக்கம் புத்த மடத்தில் ஒன்று,
பிக்கு சீவரம் தைக்கிற மிஷின்,
அதற்குக் கூலி வாங்குவதில்லை.
"வீட்டில் ஆம்பளை இல்லையா" என்று கேட்பார்கள்.
"மஹாச்சாயில் இருக்கு" என்பேன்
திருகை இறுக்கிக்கொண்டே.
மகள் நோட்டில் எழுதுகிறாள்:
இன்னார் வீடு, இன்ன கோளாறு, பாக்கி இவ்வளவு.
பள்ளிக்கூடச் சம்பளம் கட்டியாகிவிட்டது.
கூரைக்குப் பாதித் தகரம்தான் வந்திருக்கிறது.
மீதிப் பாதி ஒழுகுகிறது.

போன வாரம் சங்கத்திலிருந்து
கேமராவோடு வந்தார்கள்.
"கையைத் துடைத்துக்கொள் அக்கா,
தைப்பது மாதிரி உட்கார்."
புது வகுப்பின் மிஷின், நூல் கோக்கவில்லை.
பூப்போட்ட துணி ஒன்றை வைத்தார்கள்.
சிரி என்றார்கள்.
சிரித்து, மிதித்தேன்.
உள்ளே ஒரு சத்தம்,
கொக்கி ஒரு மயிரிழை பிந்தி வருகிற சத்தம்.

எழுந்து திருப்புளி எடுக்கக் குனிந்துவிட்டேன்.
படத்தில் மிஷின் தெளிவாக இருக்கிறதாம்.
நான்தான் ஆடிப்போயிருக்கிறேனாம்.